வர்ஜீனியாவில் 88 மைல் வேகம்: டிக்கெட் என்று நினைத்தேன், கோர்ட்டுக்கு வா என்கிறார்கள்

பரமக்குடியான் (எடிசன், நியூ ஜெர்சி):

எல்லாருக்கும் வணக்கம். விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள், மூன்று நாளாகத் தூக்கம் சரியில்லை.

போன வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு எடிசனில் இருந்து நார்த் கரோலினாவில் இருக்கும் கேரிக்குக் கிளம்பினோம். கல்லூரி நண்பன் வீடு வாங்கியிருக்கிறான், ஞாயிறு காலை கிரகப்பிரவேசம். காலை பத்து மணிக்குப் புறப்பட்டும் வாஷிங்டனில் இருந்து ஃபிரெடரிக்ஸ்பர்க் வரை ஐ-95-இல் ஊர்ந்து ஊர்ந்தே இரண்டரை மணி நேரம் போய்விட்டது. ரிச்மண்டைத் தாண்டி, பீட்டர்ஸ்பர்கில் ஐ-85-க்குள் திரும்பியதும் சாலை காலி. இரண்டு பக்கமும் பைன் மரக்காடு. விட்ட நேரத்தைப் பிடித்துவிடலாம் என்ற புத்தி எப்போது வரும், அப்போதுதான் வந்தது. வேகத்தைத் தானாகவே பிடித்து வைக்கும் க்ரூஸ் கண்ட்ரோலை 84-இல் வைத்தேன். 84 என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் மனைவி பக்கத்தில் இருந்து "எண்பத்தி நாலு எதுக்கு, எழுபதுதானே போட்டிருக்கான்" என்றாள். "எல்லாரும் போறாங்க" என்றேன். அங்கே எல்லாரும் என்று யாருமே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

இரண்டு சாலைகளுக்கும் நடுவில் மரங்களுக்கிடையே நின்றிருந்த போலீஸ் கார் கிளம்பி வந்து பின்னால் ஒட்டிக்கொண்டது. 70 போட்ட இடத்தில் 88 என்றார். 84தான் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன், சிரித்துக்கொண்டார், அவ்வளவுதான். மரியாதையாகத்தான் பேசினார், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார், இது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது, கோர்ட்டுக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுப்பது மட்டும்தான் என்றார். பின்சீட்டில் ஏழு வயது மகள் "அப்பாவை ஜெயில்ல போடுவாங்களா" என்று கேட்க ஆரம்பித்துவிட்டதால் நான் எதையும் காதில் வாங்கவில்லை. தாளை மடித்து, நண்பனுக்கு வாங்கி வைத்திருந்த வெள்ளி விளக்குப் பெட்டிக்கு மேலே வைத்துவிட்டேன்.

திங்கள் இரவு திரும்பி வந்து பிரித்துப் பார்த்தால் எவ்வளவு கட்டவேண்டும் என்று தொகையே இல்லை. ஒரு தேதி, ஒரு கோர்ட் முகவரி, "ரெக்லெஸ் டிரைவிங்", அதாவது ஆபத்தாக வண்டி ஓட்டியது, என்று ஒரு வரி. ஆன்லைனில் கட்டலாம் என்று போனால் என் வழக்குக்கு அந்த வசதி கிடையாது என்கிறது. போதாததற்கு இன்று தபால் பெட்டியைத் திறந்தால் 17 கடிதங்கள், எல்லாமே வர்ஜீனியா வக்கீல்களிடம் இருந்து. ஒரு உறையைக் கோர்ட்டில் இருந்து வந்தது என்றே நினைத்துக் கை நடுங்கியது.

என் லைசென்ஸ் நியூ ஜெர்சி. பன்னிரண்டு வருடமாக ஒரு டிக்கெட்கூட வாங்கியதில்லை. 18 மைல் கூடுதலாகப் போனதற்கு ஆறு மணி நேரம் வண்டி ஓட்டிக் கோர்ட்டுக்குப் போகவேண்டுமா? வக்கீல் அவசியமா? இங்கே என் லைசென்ஸில் தண்டனைப் பாயின்ட் ஏறுமா?

டல்லாஸ்பையன்:

பயப்படாதீங்க ப்ரோ. எனக்கு ஓக்லஹோமாவுல ரெண்டு தடவை ஆயிருக்கு. ஆன்லைன்ல கட்டினேன், முடிஞ்சது. வேற ஸ்டேட்காரன் உங்க லைசென்ஸை என்ன பண்ணிட முடியும்? கட்டவே இல்லன்னாலும் ஒண்ணும் ஆகாதுன்னு என் ரூம்மேட் சொல்லுவான். அந்தப் பக்கம் கொஞ்ச நாள் போகாம இருந்தா போதும்.

ரிச்மண்ட்வாசி:

டல்லாஸ் தம்பி, ஓக்லஹோமாவை விடுங்கள். பரமக்குடியான், இவர் சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் கையில் இருப்பது அபராதச் சீட்டு இல்லை, குற்ற வழக்குக்கான சம்மன். வர்ஜீனியாவில் வேகத்தால் ரெக்லெஸ் ஆவதற்கு இரண்டு வழிகள் உண்டு. போட்டிருக்கும் எல்லையைவிட 20 மைல் அல்லது அதற்கு மேல் போனால் ஒன்று. எல்லை எவ்வளவாக இருந்தாலும் 85-ஐத் தாண்டினால் இன்னொன்று. நீங்கள் 18தானே கூடுதல் என்கிறீர்கள், சரிதான், முதல் வழியில் தப்பித்தீர்கள், இரண்டாவதில் மாட்டிக்கொண்டீர்கள். இந்த 85-கூட 2020 ஜூலையில் இருந்துதான், அதற்கு முன்னால் 80. 70 எல்லை இருக்கும் சாலையில் 81 போனவனெல்லாம் அப்போது குற்றவாளிக் கூண்டில் நின்றான்.

சட்டப் புத்தகத்தில் இது முதல் வகுப்பு மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்றங்களில் மிகக் கடுமையான வகை. அதிகபட்சம் 12 மாதம் சிறை, 2,500 டாலர் வரை அபராதம், வர்ஜீனியாவில் ஓட்டும் உரிமையை ஆறு மாதம் வரை நிறுத்தலாம். இதைப் படித்துவிட்டு மகளிடம் போய்ச் சொல்லவேண்டாம். 88-க்கு, முதல் தடவைக்கு, சுத்தமான பதிவு இருக்கும் ஆளை யாரும் உள்ளே போடப்போவதில்லை. நூறைத் தொட்டவர்கள் கதை வேறு. உங்கள் கவலை சிறை பற்றி இருக்கவேண்டாம், பதிவு பற்றி இருக்கட்டும். அப்படியே தண்டனை விழுந்தால் அது கிரிமினல் பதிவு. வேலைக்குச் சேரும்போது பின்னணி பார்க்கிறார்களே, அதில் வரும்.

சாதாரண ஸ்பீடிங் என்றால் முன்கூட்டியே பணம் கட்டி முடித்துவிடலாம். ரெக்லெஸுக்கு அது கிடையாது, அதனால்தான் ஆன்லைனில் தொகை காட்டவில்லை. நீங்கள் போகவேண்டும், அல்லது உங்களுக்காக வக்கீல் போகவேண்டும். யாருமே போகாவிட்டால் நீங்கள் இல்லாமலே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லலாம், கைது வாரண்டும் போடலாம். "வேற ஸ்டேட்காரன் என்ன பண்ணுவான்" என்பதற்கும் பதில் இருக்கிறது. மாநிலங்களுக்குள் இரண்டு ஒப்பந்தங்கள் உண்டு. ஒன்று தண்டனை விவரத்தைச் சொந்த மாநிலத்துக்கு அனுப்புவது. இன்னொன்று, வெளி மாநிலத்து டிக்கெட்டுக்குப் பதில் சொல்லாதவன் லைசென்ஸைச் சொந்த மாநிலமே நிறுத்தி வைப்பது. கலிஃபோர்னியா, மிச்சிகன், விஸ்கான்சின் மாதிரி சில மாநிலங்கள் இரண்டாவதில் சேரவில்லை. நியூ ஜெர்சி இரண்டிலும் இருக்கிறது.

பாயின்ட் விஷயத்தில் உங்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். இதே வேகத்தை நியூ ஜெர்சியிலேயே போயிருந்தால் 15 முதல் 29 மைல் கூடுதல் என்ற கணக்கில் நாலு பாயின்ட். வெளி மாநிலத்தில் வாங்கியதற்கு இரண்டுதான் போடுவார்கள். ஆனால் இன்ஷூரன்ஸ்காரன் பாயின்டை மட்டும் பார்ப்பதில்லை, எதற்குத் தண்டனை என்ற பெயரையும் பார்ப்பான். ரெக்லெஸ் என்ற பெயர் அவனுக்குப் பிடிக்காது.

வக்கீல் அவசியமா என்றால், எடிசனில் இருந்து வருபவருக்கு என் பதில் ஆமாம். பெரிய நகரத்து வக்கீல் வேண்டாம், அந்தக் கவுண்ட்டி கோர்ட்டில் வாரா வாரம் நிற்கும் ஆளாகப் பாருங்கள். அந்த 17 கடிதங்களிலேயே கோர்ட் இருக்கும் ஊர் முகவரியோடு இரண்டு மூன்று இருக்கும். கூப்பிட்டு, நான் வராமல் நீங்களே நின்றுகொள்ள முடியுமா, இந்த நீதிபதி 88-க்கு வழக்கமாக என்ன செய்வார், தேதி தள்ளிப்போனால் கூடுதல் பணமா என்று நேராகக் கேளுங்கள். 88-க்கு நேரில் வராமலே முடித்துவிடுகிறோம் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள்.

அதுவரை சும்மா இருக்கவேண்டாம். நியூ ஜெர்சி மோட்டார் வாகன ஆணையத்தின் தளத்தில் 15 டாலர் கட்டி உங்கள் ஓட்டுநர் பதிவை எடுத்து வையுங்கள், பன்னிரண்டு வருடச் சுத்தம் அதில்தான் தெரியும். எட்டு மணி நேர டிரைவர் இம்ப்ரூவ்மென்ட் வகுப்பு ஒன்றை நீதிபதி சொல்வதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள், ஆனால் எந்த வகுப்பை அந்தக் கோர்ட் ஏற்கும் என்று வக்கீலிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள். அப்புறம் ஸ்பீடோமீட்டர் சோதனை. வர்ஜீனியாவில் இதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது, மீட்டர் தப்பாகக் காட்டுகிறது என்று சான்றிதழ் கொண்டுபோனால் நீதிபதி அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் பத்து நாளுக்குள் மேல்முறையீடு, அங்கே முதலில் இருந்து புதிதாக விசாரிப்பார்கள்.

பரமக்குடியான்:

ரிச்மண்ட் அண்ணா, கோடி நன்றி. வயிற்றில் புளியைக் கரைத்த மாதிரிதான் இருக்கிறது, ஆனாலும் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தது. சொல்ல மறந்தது ஒன்று: நான் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். ஜனவரியில் ஊருக்குப் போகிறோம், சென்னையில் ஸ்டாம்பிங், அதாவது பாஸ்போர்ட்டில் விசா போடுவது, இருக்கிறது. விசா படிவத்தில் கைதானது, தண்டனை பெற்றது பற்றி ஒரு கேள்வி வருமே, அதற்கு என்ன எழுதுவது?

ரிச்மண்ட்வாசி:

அதற்குத்தான் பதிவு, பதிவு என்று அடித்துக்கொண்டேன். ரெக்லெஸ் என்று தண்டனை ஏறினால் "ஆம்" போட்டு விளக்கம் எழுதவேண்டி வரும். சாதாரண ஸ்பீடிங்காகக் குறைந்தால் அது குற்ற வழக்கே இல்லை, போக்குவரத்து மீறல். எதுவானாலும் தீர்ப்பு நகலில் கோர்ட் முத்திரை வாங்கி ஒரு ஃபைலில் வையுங்கள், பின்னால் கிரீன் கார்டு படிவத்திலும் கேட்பார்கள். என்ன எழுதுவது என்பதை உங்கள் இமிக்ரேஷன் வக்கீலிடமே கேளுங்கள், என்னை மாதிரி ஆட்களிடம் கேட்டு எழுதவேண்டாம். எதையும் மறைக்கவும் வேண்டாம், பொய் சொன்னதாக ஆனால் அது ஸ்பீடிங்கைவிடப் பெரிய தலைவலி.

மீனா_சார்லட்:

நான் வக்கீல் இல்லாமல் போய் வந்தவள், அதனால் எழுதுகிறேன். 2022-இல், இதே ஐ-85-இல், 87. சார்லட்டில் இருந்து மேரிலாந்தில் அக்கா வீட்டுக்குப் போகும்போது.

கோர்ட் ஒன்பது மணிக்கு. முதல் நாள் ராத்திரியே போய் மோட்டலில் தங்கினேன், அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சின்ன ஊர், செங்கல் கட்டடம், வாசலில் பாதுகாப்புச் சோதனைக்கு வரிசை. செல்போன் உள்ளே கொண்டுபோகக் கூடாதாம். என் கார் பக்கத்திலேயே இருந்ததால் ஓடிப்போய் வைத்துவிட்டு வந்தேன். முன்னால் நின்ற ஒரு பையனை யாரோ இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள் போல, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் போனை ஒரு செடிக்கு அடியில் ஒளித்து வைத்தான். திரும்பி வரும்போது அது அங்கே இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

உள்ளே ஐம்பது அறுபது பேர், பாதிக்கு மேல் என்னைப் போல வெளியூர்ப் பிளேட். வக்கீல் வைத்திருந்தவர்களை முதலில் கூப்பிட்டார்கள், ஆளுக்கு இரண்டு நிமிடம், முடிந்தது முடிந்தது என்று போய்க்கொண்டே இருந்தார்கள். எங்கள் முறை பதினொன்றரைக்கு. எனக்கு முன்னால் நின்றவன் 103. நீதிபதி அவனிடம், வக்கீல் வைத்துக்கொண்டு வா, நீ இப்படித் தனியாகப் பேசவேண்டிய வழக்கு இல்லை இது என்று சொல்லித் தேதியைத் தள்ளி வைத்தார். குரலை உயர்த்தவே இல்லை. அவன் முகம் வெளுத்துப்போனது.

என் பெயரை மூன்று தடவை தப்பாகக் கூப்பிட்டு நாலாவது தடவை நானே எழுந்து நின்றேன். போலீஸ்காரர் நின்று எங்கே, எந்த ரேடார், அதை எப்போது சோதித்தது என்று சொன்னார். நான் என்ன பேசவேண்டும் என்று ராத்திரி முழுவதும் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்திருந்தேன், அங்கே வந்தது ஒரே வரிதான்: வேகமாகப் போனது உண்மை, இதுவே முதல் தடவை, இதோ என் பதிவு. அவர் தாளைப் புரட்டினார். போலீஸ்காரரைப் பார்த்து, இவர் எப்படி நடந்துகொண்டார் என்று கேட்டார். மரியாதையாக என்று பதில் வந்தது. இம்ப்ராப்பர் டிரைவிங் என்று குறைத்து 200 டாலர் அபராதம், கோர்ட் செலவு தனி. அது ரெக்லெஸுக்குக் கீழே, குற்றப் பதிவில் வராதது. இப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

எனக்கு நல்ல நீதிபதி அமைந்தார். எல்லாருக்கும் அப்படி அமையும் என்று சொல்லமாட்டேன். விசா விஷயம் இருக்கும் ஆள் என் வழியில் போகவேண்டாம், வக்கீல் வையுங்கள். சாலையோரத்தில் அந்தப் போலீஸ்காரரிடம் சண்டை போடாமல் இருந்தீர்களே, அது உங்களுக்கு உதவும்.

கோபு (ஸ்காபரோ):

தம்பி, நான் கனடாவில் இருந்து எழுதுகிறேன். இங்கே ஒன்ராறியோவில் நியூயோர்க், மிச்சிகன் பக்கம் போய் டிக்கெற் வாங்கினால் எங்கள் லைசென்சிலும் புள்ளி ஏறும், அதனால் எனக்கும் இதில் கொஞ்சம் அனுபவம் உண்டு. ஆனால் நான் சொல்ல வந்தது சட்டம் இல்லை. இருபது வருசம் கராஜில் நின்றவன், எனக்கு ஒரு விசயம் இடிக்குது.

நீங்கள் க்ரூஸில் 84 வைத்தது என்கிறீர்கள், பொலிஸ் 88 என்கிறது. க்ரூஸ் ஒன்றிரண்டு மைல் கூடிக் குறையும், நாலு மைல் கூடாது. புதுக் கார்களின் மீற்றர் பெரும்பாலும் உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். உங்களுடையது குறைத்துக் காட்டியிருக்கிறது. கடைசியாக எப்போது ரயர் மாற்றினீர்கள்? போய் ரயர் பக்கச்சுவரில் உள்ள இலக்கத்தைப் பாருங்கள், பிறகு சாரதி பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்ரிக்கர் இருக்கும், அதில் உள்ள இலக்கத்தோடு ஒத்துப் பாருங்கள். 215/60 போடவேண்டிய இடத்தில் 215/65 போட்டிருந்தால் சில்லின் விட்டம் இரண்டு சென்ரிமீற்றர் கூடிப்போகும். சில்லு ஒரு தரம் சுற்றினால் கார் கூடத் தூரம் போகும், மீற்றர் சுற்றைத்தான் எண்ணும், அதற்குத் தூரம் தெரியாது. நூற்றுக்கு மூன்று வித்தியாசம் வரும். சட்டத்தரணியிடம் போக முதல் ரயரைப் பாருங்கள்.

பரமக்குடியான்:

கோபு அண்ணா!!! இப்போதுதான் டார்ச் எடுத்துக்கொண்டு கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கதவில் 215/60, 16. டயரில் 215/65, 16. மார்ச்சில் தள்ளுபடி விலைக்கு நாலும் மாற்றினேன். இதுவும் பொருந்தும் என்று அந்தக் கடைக்காரர் சொன்னார், நான் தலையை ஆட்டினேன்.

மேரிலாந்து மாமா:

நான் 1998-இல் இருந்து இந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிறேன். வர்ஜீனியா எல்லை வந்ததும் என் கால் தானாகத் தூக்கிக்கொள்ளும். 2007-இல் அங்கே ஒரு கூத்து நடந்தது தெரியுமா? ரெக்லெஸ் மாதிரி வழக்குகளில் தண்டனை வாங்கினால் அபராதத்துக்கு மேல் ஆயிரம் டாலருக்கும் மேலே தனியாக ஒரு கட்டணம், மூன்று வருடத்தில் கட்டவேண்டும். அதுவும் உள்ளூர்க்காரனுக்கு மட்டும், வெளி மாநிலத்தவனுக்குக் கிடையாது! சொந்த ஜனங்களே சும்மா விடுவார்களா, ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை, 2008-இல் தூக்கிவிட்டார்கள்.

இன்னொரு விஷயம், போலீஸ் ரேடார் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் ரேடார் டிடெக்டர் வாங்கி மாட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சாதாரணக் கார்களுக்கும் அதைத் தடை செய்திருக்கும் மாநிலம் வர்ஜீனியாதான். பக்கத்தில் வாஷிங்டன் டி.சி.யிலும் கூடாது.

உங்கள் டிராஃபிக் டிக்கெட் பாக்கி இருக்கிறது, இந்த லிங்கில் கட்டு என்று போனில் செய்தி வந்தாலும் தொடாதீர்கள். நாடு முழுக்க அந்த மோசடி ஓடுகிறது. உண்மையிலேயே டிக்கெட் வாங்கியவன்தான் அதில் சுலபமாக விழுவான். வழக்கு எண்ணை வைத்து வர்ஜீனியா கோர்ட் தளத்தில் நீங்களே தேடிப் பார்த்துக்கொள்ளலாம்.

மற்றபடி, கோபித்துக்கொள்ளாதீர்கள், டயர் மேல் பழி போட்டாலும் 84-உம் எழுபதைவிட அதிகம்தான். மனைவி சொன்னபோதே குறைத்திருக்கலாம்.

பரமக்குடியான்:

மாமா, அதை வீட்டில் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பரமக்குடியான் (ஒன்பது வாரம் கழித்து):

நேற்று வழக்கு முடிந்தது. பாதியில் காணாமல் போகிறவர்கள் மேல் எனக்கே கோபம் வரும் என்பதால் என்ன நடந்தது என்று எழுதிவிடுகிறேன்.

அந்த 17 கடிதங்களில் கோர்ட்டுக்கு எதிர்த் தெருவிலேயே ஆபீஸ் வைத்திருந்தவரைப் பிடித்தேன். 750 டாலர், நான் வரத் தேவையில்லை என்றார். டயர் கதையைச் சொன்னதும் ஒரு நிமிடம் பேச்சே இல்லை, அப்புறம் "டயரை மாற்றிவிடாதீர்கள்" என்றார். நான் மறுநாளே மாற்றுவதாக இருந்தேன்! சோதனை முடியும்வரை அதே டயரோடு இருக்கவேண்டுமாம்.

அந்தச் சோதனைக்குத்தான் அலைச்சல். நியூ ஜெர்சியில் ஆறு கடைக்குப் போன் செய்தேன், நான் என்ன கேட்கிறேன் என்றே நாலு பேருக்குப் புரியவில்லை. ஏழாவதாக ஒருவர் சரி என்றார். காரை உருளைகள் மேல் ஏற்றி முன்சக்கரங்களை அங்கேயே சுழலவிடுகிறார்கள், கார் நின்ற இடத்தில் நிற்க மீட்டர் முள் மட்டும் ஏறுகிறது. கூட வந்த மகளுக்கு அதைப் பார்க்க ஒரே குஷி. 35, 45, 55 என்று ஒவ்வொன்றிலும் நிறுத்தி எழுதிக்கொண்டார். என் மீட்டர் 84 காட்டும்போது உண்மை வேகம் 87. நோட்டரி முத்திரையோடு தாள் கொடுத்தார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 88-இல் மூன்று கழித்தால் 85. சட்டம் 85-ஐத் தாண்டினால் என்கிறது. 85 தாண்டவில்லை, தொட்டுக்கொண்டு நிற்கிறது! ரிச்மண்ட் அண்ணா எழுதிய அந்த வரியைப் பத்து தடவையாவது திரும்பப் படித்திருப்பேன். வக்கீல் அந்தத் தாளையும், என் பதிவையும், எட்டு மணி நேர வகுப்புச் சான்றிதழையும் கொடுத்தார். நீதிபதி முதலில் 85 என்று எடுத்துக்கொண்டு, பதிவு சுத்தமாக இருப்பதால் 79 என்று இன்னும் இறக்கினாராம். சாதாரண ஸ்பீடிங், 70-இல் 79. மைலுக்கு 6 டாலர் கணக்கில் 54 டாலர் அபராதம், கோர்ட் செலவு தனி. வக்கீல் போனில் சொன்னபோது ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன், வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

54 டாலர் அபராதத்துக்கு வக்கீல் 750, சோதனை, வகுப்பு, பதிவு, ஒரு நாள் லீவு. நண்பனுக்கு வாங்கிய வெள்ளி விளக்கே இவ்வளவு ஆகவில்லை. இங்கே இரண்டு பாயின்ட் ஏறும், இன்ஷூரன்ஸ் புதுப்பிப்பு மார்ச்சில், அப்போது தெரியும். முத்திரை போட்ட தீர்ப்பு நகல் தபாலில் வருகிறது. இமிக்ரேஷன் வக்கீலிடம் பேசிவிட்டேன், நகலைச் சென்னைக்குக் கையிலேயே எடுத்துப் போகச் சொன்னார்.

போன சனிக்கிழமை நாலு டயரையும் 60-க்கே மாற்றிவிட்டேன். கோபு அண்ணா, நியூ ஜெர்சி பக்கம் வந்தால் கட்டாயம் வீட்டுக்கு வரவேண்டும், சாப்பாடு எங்கள் வீட்டில்தான். மனைவி சொல்லச் சொன்னாள்.

கோபு (ஸ்காபரோ):

சந்தோசம் தம்பி. பழைய ரயரை எறியாதேங்கோ, மார்ச்சில் வாங்கினது என்றால் நல்ல விலைக்குப் போகும்.

டல்லாஸ்பையன்:

ப்ரோ, அந்த டயர் சைஸ் எங்க போட்டிருக்கும்னு சொன்னீங்க? கதவுலயா? நானும் போன மாசம்தான் ஆஃபர்ல நாலும் மாத்தினேன்.